சீச்சீ அக்கா குப்பையிலிருந்து தூக்கிவந்த சர்வர்

மருத்துவமனையின் கணினிகளைக் கட்டி மேய்க்கும் பெண்மணிக்குச் சீச்சீ அக்கா என்று பெயர் வைத்தது ரத்தம் சோதிக்கும் லேப்காரி. எதைத் தொட்டாலும் அக்கா வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அவர் துடைத்த துடைப்பில் கீபோர்டில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. சர்வர் அறைக்குள் நுழைந்த கரப்பான் ஒன்று அக்காவின் முகச்சுளிப்பைப் பார்த்து, மானம் போய், வந்த வழியே திரும்பியதாம். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்று பிரிண்டர்களையெல்லாம் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். சிலது அச்சடித்தது, சிலது முரண்டு பிடித்தது. அக்கா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மேலாளருக்கு மூளை வேலை செய்துவிட்டது. "அவங்கவங்க பிரிண்டர் டிரைவரை அவங்கவங்களே ஏத்திக்குங்க" என்று எல்லாருக்கும் அனுமதியைத் திறந்துவிட்டார். ஆளாளுக்கு இழுப்பறையில் கிடந்த பழைய சிடியைத் தேடியெடுத்து ஏற்றித் தள்ளினார்கள். டிரைவர் என்பது பிரிண்டரை இயக்கும் மென்பொருள்; பழைய சர்வருக்கென்று எழுதியது புதியதில் ஒத்துப்போகாது. ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டுதான் விழும். விழுந்தது. கட்டடம் முழுக்க அச்சு நின்றது.

அக்கா வந்து திரையைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீச்சீ! ஆளாளுக்கு மென்னதை எல்லாம் என் தட்டுல துப்பி வெச்சிருக்கீங்களே!"

"கோவப்படாதீங்க மேடம். ஒரு முயற்சிதானே?" என்றார் மேலாளர்.

"வாந்தி எடுத்துட்டு அதுக்கு முயற்சின்னு பேரா?"

லேப்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, ரத்தம் எடுத்த டியூப்ல, அந்தக் கண்ணாடிக் குழாய்ல ஒட்டுற லேபிள்ல வெறும் கிறுக்கலா வருது. பார்கோடு இல்லாம மெஷின் எடுக்காது. ஒரு பிள்ளைத்தாச்சி ஆபரேஷனுக்குக் காத்திருக்கா. ரத்தம் பொருந்துதான்னு பாக்காம டாக்டர் கத்தியைத் தொடமாட்டார்!"

அக்கா குப்பை டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். புது சர்வருக்கேற்ற பொது டிரைவர் ஒன்றைப் போட்டதும் வார்டு பிரிண்டர்கள் உயிர்பெற்றன. லேபிள் பிரிண்டர் மட்டும் மசியவில்லை. அதன் கம்பெனி புது டிரைவர் எழுதவே இல்லை. பழைய சர்வர்தான் கதி.

"அது எங்கே?"

மேலாளர் தலையைச் சொறிந்தார். "பின்பக்கம் குப்பையில போட்டாச்சு. நீங்கதானே மேடம், 'சீச்சீ, நாறுது, முதல்ல இதைத் தூக்குங்க'ன்னீங்க?"

சொன்னது உண்மை. லேபிள் பிரிண்டரைச் சோதித்துப் பார்க்காமலே சொன்னார். அந்த நிமிடம் அக்காவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

பின்கட்டில் சமையலறைக் கழிவு மூட்டைகளுக்கடியில் கிடந்தது சர்வர். ஒரு மூட்டை கிழிந்து அதன்மேல் ஏதோ கொழகொழவென்று வழிந்திருந்தது. நாற்றம் ஆளையே நெட்டித் தள்ளியது. கையுறை தேட நேரமில்லை. வெறுங்கையால் மூட்டையைப் புரட்டி, சர்வரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு மாடி ஏறினார். படியில் எதிரே வந்தவர்கள் தாமாகவே சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

லேப் மேசைக்கடியில் வைத்து, துடைத்து, மின்சாரம் கொடுத்து, லேபிள் பிரிண்டரை மட்டும் அதில் கோர்த்தார். சர்வர் இருமிக்கொண்டே எழுந்தது. லேபிள் வந்தது. கோடு கோடாக, சுத்தமாக. மெஷின் குழாயை விழுங்கியது.

"பொருந்துதுக்கா!" முடிவைப் பிடுங்கிக்கொண்டு லேப்காரி ஆபரேஷன் அறைக்குப் பறந்தாள்.

மேலாளர் மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தார். "அப்போ மாத்துற வேலை முடிஞ்சதுன்னு மேலே சொல்லிடட்டுமா?"

"வேற லேபிள் பிரிண்டர் வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இதுமேல ஒரு விரல் பட்டுச்சு, இந்தக் கையாலேயே உங்க கன்னத்தைத் தடவுவேன்."

மேலாளர் இரண்டடி பின்வாங்கினார். அக்கா கை கழுவ எழுந்திருக்கவில்லை. குழந்தை பிறந்த சேதி வரும்வரை அந்த நாற்றத்துக்குள்ளேயே, முகத்தைச் சுளித்தபடி, சர்வருக்குக் காவல் உட்கார்ந்திருந்தார்.