சாம்பிராணியை வெளியே அனுப்பியவர்

டாக்டர் பானுமதி இறந்த செய்தி, தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்தபோது கைபேசியில் வந்தது. அனுப்பியவர், ஒரு காலத்தில் அவரைக் ‘குதிரைக்காரி’ என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர். இப்போது ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று எழுதியிருந்தார். நான் எதையும் மறப்பவனல்ல.

பானுமதியும் நானும் கால்நடை மருத்துவம் சேர்ந்து படித்தவர்கள். பல வருடங்களுக்கு முன், கிண்டிப் பக்கம், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்பும் ஒரு தனியார் லாயத்துக்கு எங்களை அழைத்தார்கள். புதிதாக வாங்கிய குதிரையோடு இன்ஃப்ளூயன்சா உள்ளே வந்தது. பெரிய குதிரைகள் இருமிக்கொண்டே தீவனம் தின்றன. பிறந்து சில நாள்களே ஆன இரண்டு குட்டிகளில் ஒன்று மூச்சுத் திணறிச் செத்தது. தாய்களுக்குத் தடுப்பூசி போடவில்லை. அதனால் சீம்பாலில் குட்டிகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

“தூசி இருமல் டாக்டரம்மா. வடபழனில முகூர்த்தம் புக் ஆயிகீது,” என்றார் முதலாளி.

“பெருசு இருமிட்டுப் பொழச்சுக்கும். குட்டி செத்துடும். ஒரு குதிரையும் வெளிய போகாது,” என்று பானுமதி வாயிற்கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ‘அனுசரித்துப் போம்மா’ என்று தொலைபேசியில் சொன்ன எங்கள் துறைப் பெரியவர்கள், இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. குதிரைகளைப் பராமரிக்கும் காதர் பாய் வழக்கம்போல் சாம்பிராணித் தட்டோடு வந்தார். இன்னொரு குட்டியின் விலா துருத்திபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“பொகைய வெளிய கொண்டு போங்க பாய். அதால காத்தையே இழுக்க முடியல.”

“கண்ணு பட்டுகீது மேடம்.”

“அப்போ எனக்குக் காட்டுங்க. என் மேலயும் நெறைய கண்ணு இருக்கு.”

வெளியே வேப்பமரத்தடியில் அவர் கண்மூடி நிற்க, பாய் பயபக்தியோடு தட்டைச் சுற்றினார். பானுமதி திரும்பி வந்து, குட்டி பக்கவாட்டில் சாயாதபடி சாக்குகளை அண்டைகொடுத்து நெஞ்சின்மேல் படுக்கவைத்தார். ஆக்சிஜன் குழாயைப் பிடித்திருந்த எனக்கு நன்றி சொல்லவில்லை. “கை ஆடுது. நேரா பிடி,” என்றார். அந்தக் குட்டி பிழைத்தது. அதனோடு படம் எடுத்துக்கொள்ளப் பலர் வந்தார்கள். செத்ததை அறுத்துப் பார்த்தவர் அவர் மட்டுமே.

இப்போது மயிலாப்பூர் வீட்டில் பானுமதியைக் கிடத்தியிருந்த அறை முழுக்கப் புகை. நரைத்துப்போன காதர் பாய் வந்தார். யாரையும் கேட்காமல் தூபக்காலை எடுத்து வாசலில் வைத்தார்.

“யாருப்பா நீ? இன்னா பண்றே?” என்று ஒரு பிரமுகர் அதட்டினார்.

“மேடத்துக்குப் பொகை ஆவாது சார்.”

நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். என் கோபங்கள் என்னுடையவை. அவற்றை யாரும் எனக்குத் தரவில்லை. எந்த லாயத்துக்குள் போனாலும், ஸ்டெதஸ்கோப்பை எடுக்குமுன் ஜன்னலைத் திறக்கும் இந்தக் கை மட்டும் பானுமதியுடையது.