ஞாயிற்றுக்கிழமை சொன்ன சாட்சி

ஞாயிற்றுக்கிழமை ஜெரூஷாவுக்கு வலியே இல்லை. எத்தனை முறை திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாலும் அதைப் பொய் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மேற்கு தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். அதில் மூன்று வருடமாக வலி. ஒரு நாள் தோளில், மறுநாள் இடுப்பில், அதற்கடுத்த நாள் இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத ஏதோ ஓர் இடத்தில். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாமே நார்மல். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று கணவன் பிரிட்டோ ரிப்போர்ட்டை மடித்துக் கொடுக்கும்போது சந்தோஷப்படுவதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியாது.

குரோம்பேட்டையில் ஒரு டாக்டர்தான் கடைசியில் அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். "வலி நெஜம்தான்மா. ரிப்போர்ட்ல தெரியாது, அவ்ளோதான். மாத்திரை போடுங்க, தூங்குங்க, கொஞ்சம் நடங்க. நல்லா இருக்கிற அன்னிக்கு எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்காதீங்க. பாதியோட நிறுத்துங்க."

அந்த ஞாயிறு, ஜெபக்குழுவை நடத்தும் ஞானம்மாள் அக்கா வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது உடம்பில் வலியைத் தேட வேண்டியிருந்தது. தேடியும் கிடைக்கவில்லை. எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டார்." நாற்பது பேர் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் திரைச்சீலை, போர்வை, மூட்டையில் கிடந்த பழைய துணி என்று ஒன்றுவிடாமல் துவைத்துப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பிரிட்டோவின் கை தேவைப்பட்டது.

கடையில் உட்கார முக்காலி இருக்கிறது. ஆனால் அவள் சுகமான கதையை அதே கூட்டத்துக்கு வரும் சினேகா கடை முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். இப்போது உட்கார்ந்தால் சாட்சி பொய்யாகிவிடும். மாத்திரையைக்கூடக் கழிப்பறையில் போய்த்தான் விழுங்கினாள்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?" என்று சினேகா கேட்டாள்.

"தூக்கம் சரியில்லடி."

துவைத்ததால் வந்ததா? விசுவாசம் குறைந்ததால் வந்ததா? இல்லை, ஞாயிற்றுக்கிழமையே வெறும் பிரமையா? ஒன்றும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை ஞானம்மாள் அக்கா கடைக்கே வந்துவிட்டார். கூட ஒரு பெண். "இவங்க அருள்மேரி, மாடம்பாக்கம். உன்னை மாதிரியேதான், நாலு வருஷமா வலி. உனக்கு எப்படிச் சுகமாச்சுன்னு நீயே சொல்லும்மா."

அருள்மேரி ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அந்த நிற்கும் விதம் ஜெரூஷாவுக்கு நன்றாகத் தெரியும். முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. ஞாயித்துக்கிழமை நெஜமாவே வலி இல்ல. செவ்வாக்கிழமை திரும்ப வந்துருச்சு. இதோ, இப்பவும் இருக்கு."

"ஜெரூஷா! அவிசுவாசமாப் பேசாத."

"பொய் சொல்லலக்கா. ரெண்டுமே நெஜம்தான். எனக்கே புரியல."

அருள்மேரி ஞானம்மாளைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு முழுசா இல்லையா?" என்று ஜெரூஷாவிடம் கேட்டாள்.

"படுக்கிற வரைக்கும் இல்ல."

"எனக்கு ஒரு மணி நேரம்கூட அப்படி இருந்ததில்ல." அவள் குரலில் பொறாமை இருந்தது. "அன்னிக்கு இன்னாதான் பண்ணீங்க?"

"வீட்டுல இருந்த துணியெல்லாம் தொவச்சேன்."

அருள்மேரி சிரித்துவிட்டாள். "நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்."

ஞானம்மாள் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. படியிறங்கும்போது, "இந்த ஞாயிறு வருவல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"வரேன்க்கா."

வந்து என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொன்னதைத் திரும்பப் பெற வேண்டுமா? ஒரு நாள் சுகத்துக்குச் சாட்சி சொல்லக்கூடாதா? யாரிடம் கேட்பது?

அருள்மேரி எழுந்துபோன முக்காலி காலியாக இருந்தது. சினேகா பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெரூஷா அதில் உட்கார்ந்து, பிரித்துப் போட்டிருந்த புடவைகளை மடியில் எடுத்து வைத்து ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். பாதி மடித்ததும் நிறுத்தினாள்.

"மீதிய நீ மடிடி, சினேகா."