கிருபாவதிக்கு வாங்கிய செருப்பு

தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில் நிறைகுடத்தோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் கிருபாவதி. முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்வும் போயிற்று. அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

நான் அவளைக் கவனிக்கப் போனது அதற்குச் சில வருஷம் கழித்து, தொண்ணூற்றொன்றில். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற வருஷம் அது. இருவரும் ஒரே கிறிஸ்தவ சபை. தினமும் காலையில் போய் உடம்பு துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, மூத்திரக் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு வருவேன். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வியாதியில் பாதி வைத்தியம்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. வேதாந்தம் என்பவருடைய வீட்டில் பின்பக்கத்துப் போர்ஷனில் தம்பி கருணாகரனோடு குடியிருந்தாள். தி. நகர் ஜவுளிக்கடைகளிலிருந்து புடவைகள் வரும். கட்டிலில் சாய்ந்தபடியே அவற்றின் கீழ்விளிம்பில் உள்பக்கமாக ஃபால்ஸ் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு புடவைக்கும் ஊசியில் நூல் கோக்கும்போது, “ஆண்டவரே, உமக்கு மகிமையா இருக்கட்டும்” என்பாள்.

“ஃபால்ஸ்ல என்னடி மகிமை? கட்டிக்கிறவ கண்ணுக்கே தெரியாது” என்றேன் ஒருநாள்.

“அதனாலதான் சிஸ்டர் நல்லா தைக்கணும். அவரு மட்டுந்தானே பாக்கப்போறாரு.”

இதை வேடிக்கையாகச் சொல்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

தொண்ணூற்றைந்தில் அடையாறு பக்கம் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் ஏற்பாடானது. எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவை நடத்தியவள் தங்கம். நல்ல மனசு, உரத்த குரல். கிருபாவதிக்காக மூன்று நாள் உபவாசம் இருக்கலாம் என்றாள். அதோடு நிற்கவில்லை. கிருபாவதியின் பாதத்தைச் செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, அந்த அளவுக்குப் பாண்டி பஜாரில் ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள். கேட்டதைக் கிடைத்ததாகவே நினைத்து நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பிள்ளை வரம் கேட்டவளுக்குத் தொட்டில் வாங்குவார்கள். இவளுக்குச் செருப்பு.

பென்சில் உள்ளங்காலை உரசிப் போனபோது கிருபாவதி காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூசவில்லை. செருப்பு வந்ததும் அதைத் தலையணை ஓரமாக வைத்துக்கொண்டாள். நடக்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

தங்கத்தை வெளியே கூப்பிட்டேன். “நடக்கலைன்னா?”

“அவிசுவாசமா பேசாதீங்க சிஸ்டர்.”

“வார்டுல ஒருத்தியைப் பார்த்திருக்கேன் தங்கம். இப்படித்தான் நம்பிக்கை குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்து சுவத்தைப் பார்த்துப் படுத்தவ, அப்புறம் சாப்பிடவே இல்லை. கால் போனா பொழைச்சுக்கலாம். மனசு போனா என்னால பார்த்துக்க முடியாது.”

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வேனில் போனோம். நோயாளிகளுக்கென்று முன்வரிசையில் பாய் விரித்திருந்தார்கள். கிருபாவதிக்குப் பக்கத்தில் ஒரு கிழவி. முழங்கால் மடங்கி, இரண்டு பேர் தூக்கி வந்து உட்கார வைத்திருந்தார்கள். ஜெபம் நடந்தது. நான் கிருபாவதியின் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் அசையவில்லை. தங்கம் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபித்தாள், அழுதாள், தொண்டை கட்டிப்போனது. அப்போதும் அசையவில்லை.

எழுந்தது அந்தக் கிழவி. தடுமாறினாள், பிறகு நாலடி வைத்தாள். மேடையிலிருந்து கூச்சலாகத் துதித்தார்கள். அது எந்த மாதிரி முழங்கால், ஏன் எழுந்தது என்று நர்ஸாக எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நான் திரும்பிப் பார்த்தது கிருபாவதியின் முகத்தை. ஒரு நிமிஷம் அதில் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் அவள் குனிந்து பார்த்தாள். கிழவிக்கு வெறுங்கால். தரையெல்லாம் சரளைக்கல்.

“கருணா, அந்தப் பையை எடு.”

“எதுக்குக்கா?”

“எடுடா.”

செருப்பை வெளியே எடுத்தாள். “ஆயா, இங்க வாங்க. கல்லு குத்தும். இதைப் போட்டுக்கினு நடங்க.”

“இன்னாக்கா நீ! அது உனுக்கு வாங்கினது” என்றான் கருணாகரன்.

“நடக்கிறவங்களுக்கு வாங்கினதுடா.” பாயில் உட்கார்ந்தபடியே கிழவியின் காலைப் பிடித்து வாரை மாட்டிவிட்டாள். “அளவு கொஞ்சம் பெரிசு. பரவாயில்ல இல்ல, ஆயா?” பிறகு கையைத் தூக்கி, “ஆண்டவரே, உமக்கு மகிமை” என்றாள். ஃபால்ஸ் தைக்க நூல் கோக்கும்போது சொல்வாளே, அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியாது. பெரிய டாக்டர்கள் வார்டுக்குள் வரும்போது கடமைக்கு நின்றிருக்கிறேன். இது அப்படி இல்லை. உட்கார்ந்திருக்கக் கூடாத ஓர் இடத்தில் இருப்பதாகத் தோன்றியது, நின்றேன். என் பக்கத்தில் தங்கமும் நின்றாள்.

மறுநாள் காலையில் போனபோது கிருபாவதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தானாகப் புரள முடியாதவள். தம்பியிடம் சொல்லித்தான் அப்படிப் படுத்திருக்க வேண்டும். வாளியை வைத்துவிட்டு முதுகைத் துடைத்தேன். வேன் குலுக்கலில் இடுப்பில் ஓர் இடம் சிவந்திருந்தது. அங்கே மருந்து போட்டேன். அவள் தோள் குலுங்கியது.

“எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு சிஸ்டர்” என்றாள் சுவரிடம். “பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப வேணும்னு இருந்துச்சு.”

“அழு” என்றேன். வேறென்ன சொல்ல?

அழுதாள். நான் தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்தேன். கால்களைத் துடைத்து முடிக்கும்போது மூக்கை உறிஞ்சிவிட்டு, “போதும் சிஸ்டர், இந்தப் பக்கம் திருப்புங்க. வெளிச்சம் வரல. மத்தியானம் ரெண்டு புடவை குடுக்கணும்” என்றாள்.

திருப்பி, தலையணையை அண்டக் கொடுத்து உட்காரவைத்தேன். வேதாந்தம் வாசல்படியில் வந்து நின்றார். தண்ணீர் மோட்டார் போட்டுவிட்டு அப்படியே விசாரித்துப் போவது அவர் வழக்கம்.

“ஏம்மா, அவ்வளவு பேர் பட்டினி கிடந்தேளே. போனதுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“ஆச்சு மாமா. பக்கத்துல ஒரு ஆயா எழுந்து நடந்தாங்க.”

“சரி, அதுல நோக்கு என்ன லாபம்?”

கிருபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மேல இருக்கிற எங்கப்பா பண்ற காரியம் மாமா. எந்தப் பிள்ளைக்குப் பண்ணினாலும் பேரு அவருக்குத்தானே?”

“ஆத்துல இட்லி வார்த்திருக்கா, குடுத்தனுப்பச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வேதாந்தம் போனார்.

நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். அவள் ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கண் வீங்கியிருந்ததால் முதல் தடவை நூல் ஏறவில்லை. இரண்டாவது தடவை ஏறியது. உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததுதானே.