கடவுச்சொல்லைச் சொல்லாதவர்

யுத்தம் உக்கிரமாக நடந்த காலத்தில், கண்டியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். வடக்கிலிருந்து தப்பி வந்து ஒளிந்திருந்த குடும்பங்களின் விலாசங்களை எங்கள் இணையத்தளத்தில் பதிய வேண்டும். அந்தத் தளத்தைப் பராமரித்தவர் ஒரு யாழ்ப்பாணத்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. யாரோடு பேசினாலும் கண் வாசலிலேயே இருக்கும்.

விலாசங்களைத் திறக்கும் கடவுச்சொல், அலுவலகத்தில் எவரும் வாசிக்கக்கூடிய ஒரு கோப்பில் அப்படியே எழுதியிருந்தது. அதைக் கண்ட அன்றே அவர் அதை மாற்றி, வெளிநாட்டிலிருந்த சேர்வர் கணினியில் தான் மட்டும் திறக்கக்கூடிய தனிக் கோப்பில் வைத்தார். பிறகு எங்களால் விலாசங்களைப் பதிய முடிந்தது, பட்டியலைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் சார், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குது பிள்ளை. ஆரும் வந்து கேட்டால் தெரியாதெண்டு சொல்லுங்கோ. அது உண்மையா இருக்கவேணும்."

"உங்ககிட்ட கேட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த மாதம், யாரென்று சொல்லாத மூன்று பேர் வந்து, பட்டியலைத் திறக்கச் சொல்லி என்னிடம் கத்தினார்கள். அவர் கதிரையை விட்டு எழுந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவரை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் விசாரித்த இடமெல்லாம் அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள்.

பட்டியலிலிருந்த ஒரு குடும்பத்தையும் யாரும் தேடிப் போகவில்லை. அவர் திரும்பி வரவும் இல்லை. எத்தனை நாள் கேட்டார்களோ, எப்படித் தாங்கினாரோ, எனக்குத் தெரியாது.