என் வீட்டுப் பெட்டியில் அடுத்த வீட்டு விளக்கு

எங்கள் தோட்டத்துக்கு முகவரி இல்லை என்று சொன்னால் தபால்காரர் கோபித்துக்கொள்வார். இருக்கிறது, ஒன்றே ஒன்று. தோட்டத்தின் பெயர், அதன் கீழே ருவான்வெல்லை, அவ்வளவுதான். அந்த ஒற்றை வரிக்குள் தொழிலாளர் லயங்கள், மாரியம்மன் கோயில், மாதா சொரூபம், றப்பர் ஸ்டோர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா எல்லாம் குடியிருக்கின்றன. தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டு, ஞாயிறு பத்திரிகையில் ஊரைக் கிண்டல் செய்து எழுதும் நானும் அதற்குள்தான்.

நானும் மனைவியும் இருப்பது லயத்துக்குக் கீழே கட்டிய இரட்டை வீடுகளில் ஒன்றில். ஒரே கூரை, நடுவே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் றப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவரும் அவருடைய ஒரே மகளும். மகள் என்னிடம் படித்தவள். கட்டியவர் எதை மிச்சம் பிடித்தாரோ, நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை. அவர்கள் தாளித்தால் நாங்கள் தும்முவோம். நாங்கள் சண்டை போட்டால் அவர்கள் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். நாகரிகமான மனிதர்கள்.

ஃபைபர் இணையம் தோட்டத்துக்கு வந்தபோது முதலில் எடுத்தது நான். எழுத்தாளனுக்கு வேகம் முக்கியம் என்று மனைவியிடம் சொன்னேன். வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறவனுக்கு என்ன வேகம் என்று அவள் கேட்கவில்லை. பார்த்தாள்.

பிறகு பக்கத்து வீட்டு மகளும் விண்ணப்பித்தாள். கொழும்பில் ஒரு கம்பனி, வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலைக்கு அவளைப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. பயிற்சி முடிந்து ஒரு பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பியகமவில் கார்மண்ட்ஸ் தொழிற்சாலை, போர்டிங்கில் ஒரு கட்டில். முழங்கால் நோவோடு மலை ஏறி இறங்கும் அம்மா இங்கே தனியாக. இதை அக்கா எனக்குச் சொன்னார், சுவருக்கு மேலாகவும் ஒருமுறை கேட்டேன். ஆகவே தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

இணைப்புக் கொடுக்க வந்த சிங்களப் பையன் தலையைச் சொறிந்தான்.

"மாத்தயா, அட்ரஸ் ஒண்ணு தானே. ஒரு அட்ரஸுக்கு ஒரு ஃபைபர் பொட்டிதான் கம்பியூட்டர் தரும். ஆனா பரவாயில்ல, உங்க பொட்டியில நாலு ஓட்டை இருக்கு. ஒண்ணு உங்களுக்கு, ரெண்டாவது அந்த நங்கிக்கு, பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு."

"அப்ப என்னோடத அவங்க இழுத்துக்குவாங்களா?"

இதுதான் என் முதல் கேள்வி. எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

"நே, மாத்தயா, இல்ல. வேற கணக்கு, வேற பில், வேற ஸ்பீட். உள்ள வர்ற வயர்தான் ஒண்ணு. கரண்டும் ஒண்ணு."

சொல்லிவிட்டு, பெட்டியின் இரண்டாவது துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த சந்து வழியாக அந்தப் பக்கம் எறிந்தான். அங்கே அவள் பிடித்து, தன் ரூட்டரில் செருகினாள். என் பெட்டியில் இரண்டு என்று எழுதிய இடத்தில் பச்சையாக ஒரு பொட்டு எரிந்தது.

அன்றிலிருந்து நான் தோட்டத்துத் துரையாகிவிட்டேன். இந்தத் தோட்டத்தில் என் பரம்பரை பெற்ற உச்சப் பதவி கங்காணி. நான் அதையும் தாண்டி, ஒரு பெட்டிக்கு அதிபதி. "சேர், லைட்டு எரியுதான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிற விளக்கைப் பார்க்க எழுந்து போய், மூக்குக் கண்ணாடியை மாட்டி, சற்று நேரம் எடுத்து, "எரியுது" என்பேன். உடனே சொல்லிவிட்டால் பதவிக்கு மதிப்பு ஏது?

எங்கள் பக்கத்தில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, இடி. கேகாலை மாவட்டத்தில் காலையில் வெயில் பல்லைக் காட்டும், பின்னேரம் வானம் உடையும். முதல் முழக்கம் கேட்டதும், கொடியில் காயும் துணியைக்கூட எடுக்காமல், வீட்டிலுள்ள எல்லா ப்ளக்கையும் பிடுங்குவோம். வெளியே போனாலும் பிடுங்கிவிட்டுத்தான் போவோம். மற்றது, சாவி. வீட்டைப் பூட்டினால் சாவி பக்கத்து வீட்டில். இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் அந்தப் பெட்டியைக் காப்பாற்றி வந்தன. நாங்கள் பிடுங்கிவிட்டுப் போனாலும் பக்கத்து வீட்டு மகள் திறந்து வந்து, பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்துவிட்டு, பூட்டிக்கொண்டு போவாள்.

கொஞ்ச நாளில் என் இணையம் மந்தமானது. வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். நான் பெட்டியைப் பார்ப்பேன். இரண்டாவது விளக்கு குதூகலமாகச் சிமிட்டும். வேறு கணக்கு, வேறு வேகம் என்று அந்தப் பையன் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் சந்தேகத்துக்குப் படிப்பு ஏறாது. சாவிதான் அவர்களிடம் இருக்கிறதே, நாங்கள் இல்லாதபோது வயரை மாற்றிக் குத்திவிடுகிறாளோ?

மனைவியிடம் கிசுகிசுத்தேன். அவள் தோட்டத்து முன்பள்ளி டீச்சர், சின்னப் பிள்ளைகளைச் சமாளித்துப் பழகியவள்.

"ஊர்ல காத்து கொறஞ்சாலும் அடுத்த வீட்டுக்காரங்கதான் இழுத்துட்டாங்கன்னு சொல்லுவீங்க போல" என்றாள்.

பரீட்சைக்கு முதல் நாள் பக்கத்து வீட்டு மகள் வாசலுக்கு வந்தாள்.

"சேர், நாளைக்குப் பின்னேரம் எனக்குக் கடைசி டெஸ்ட். லைவ்ல கஸ்டமர் கோல் எடுக்கணும்."

"பொட்டி என் பொறுப்பு. நீ ஒண்ணும் யோசிக்காத" என்றேன், துரை தோரணையில்.

மறுநாள் கேகாலையில் வாசகர் வட்டக் கூட்டம். என்னைப் பேச அழைத்திருந்தார்கள். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது கை தன்பாட்டில் ப்ளக்குகளைப் பிடுங்கியது. மனைவி கதவைப் பூட்டி, சாவியோடு பக்கத்து வாசலுக்குத் திரும்பினாள். நான் அவள் கையிலிருந்து அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

"இன்னைக்கு நம்மகிட்டயே இருக்கட்டும்."

"ஏன்?"

"சும்மாதான். வா, பஸ் போயிரும்."

எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ப்ளக்கை மறந்தேன், அது நிஜம். அது கையின் வேலை. சாவி கையின் வேலை இல்லை.

கூட்டத்தில் நன்றாகப் பேசினேன். நடுவே பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளை. வெட்டினேன். மறுபடி அதிர்ந்தது. சபையைப் பார்த்து, "பக்கத்து வீட்டுக்காரங்க. என் வீட்டுலதான் இன்டர்நெட் குடிக்கிறாங்க. தாகமா இருக்கும் போல" என்றேன். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு என் நகைச்சுவை பழகிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது அக்கா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மலைக்கு மேலே வானம் வெட்டி வெட்டி மின்னிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா சேர். நல்லா நனஞ்சிட்டீங்களே" என்றார் முதலில்.

"பிள்ள எங்கக்கா?" என்றாள் மனைவி.

"மேல, தண்ணி டேங்க் பக்கம் டீச்சர். போன்ல சிக்னல் கெடைக்கும்னு ஓடிட்டா. இடி முழங்குது, போகாதடின்னேன், கேக்கல. சேருக்கு அடிச்சோம்... வேலையா இருந்திருப்பீங்க."

அந்த 'வேலை'யின் சிரிப்பு என் காதுக்குள் இன்னும் மிச்சமிருந்தது.

றப்பர் மரங்களுக்கு நடுவே அவள் இறங்கி வந்தாள். மழைக்கு மரத்தில் கட்டும் பொலித்தீனில் லெப்டொப்பைச் சுற்றி, பிள்ளையை அணைப்பதுபோல் அணைத்திருந்தாள். அவளுக்குச் சுற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை.

"பாதியில கட்டாயிருச்சு சேர்."

நான் கதவைத் திறந்து ஓடிப்போய் ப்ளக்கைச் செருகினேன். பெட்டி நிதானமாக ஒவ்வொரு விளக்காக ஏற்றியது. ஒன்று வந்தது. கடைசியில் இரண்டும் வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"இடி வருமேன்னு பிடுங்கிட்டேன்" என்றேன்.

"எல்லாரும் பிடுங்குறதுதானே சேர்" என்றாள், பல் நடுங்க.

"சாவிய மறந்து கொண்டு போயிட்டீங்க போல" என்றார் அக்கா. எனக்கு ஒரு வாசல் திறந்து விட்டதுபோல.

நானும் அதற்குள் புகுந்துகொண்டேன். "ஆமாங்கக்கா, மறந்துட்டேன்."

அவர்கள் தங்கள் பக்கம் போனார்கள். கதவைச் சாத்தியதும் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் சண்டை எப்போதும் ரகசியக் குரலில்தான் நடக்கும், சுவர் அப்படி. அன்று அவள் வகுப்பில் பேசும் குரலில் பேசினாள்.

"மறந்தீங்களா? நான் குடுக்கப் போனத என் கையிலருந்து வாங்கிப் பையில போட்டீங்களே! அந்தப் பிள்ள வயர மாத்திக் குத்துறான்னு ஒரு மாசமா எங்கிட்டப் புலம்பினது யாரு?"

அந்தப் பக்கம் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. வானொலியை யாரும் போடவில்லை.

பிறகு ஒருநாள் என் இணையம் ஏன் மந்தமானது என்பதும் தெரிந்தது. என் கைபேசி, நான் பொன்னாடை வாங்கும் படங்களையும் வீடியோக்களையும் ஒன்றுவிடாமல் எங்கோ ஆகாயத்தில் ஏற்றிச் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறது. என் வேகத்தை நானே குடித்திருக்கிறேன்.

கம்பனி அவளுக்கு இன்னொரு நாள் கொடுத்தது. கரண்ட் போய்விட்டது என்று எழுதிக் கேட்டாளாம். எனக்காக ஒரு பொய். அக்கா அதைச் சொன்னபோது நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளுக்கு நான் பாடசாலைக்கு லீவு போட்டேன். டீவி, பிரிட்ஜ், மின்விசிறி எல்லாவற்றையும் காலையிலேயே பிடுங்கிவிட்டு, பெட்டியை மட்டும் விட்டு, அதன் முன்னால் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் தாண்டியதும் வானம் கறுத்தது. முதல் முழக்கம். கை துடித்தது, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அடுத்தது கூரைத் தகரத்தையே ஆட்டியது. பெட்டி கருகினாலும் சரி, நானும் சேர்ந்து கருகினாலும் சரி என்று உட்கார்ந்திருந்தேன். சொல்லவே வெட்கம்தான், அந்த நேரத்திலும் என் தியாகத்தை நான் கொஞ்சம் ரசித்தேன்.

அப்போது இரண்டாவது விளக்கு அணைந்தது.

பாய்ந்துபோய் நடுச்சுவரைத் தட்டினேன். "அக்கா! ரெண்டு எரியல! என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு! அங்க என்னாச்சு?"

"நாந்தான் சேர் ரூட்டரப் பிடுங்கினேன். இந்த இடி இடிக்குதே."

"ஐயோ, டெஸ்ட்!"

அக்கா சுவருக்குக் கிட்டே வந்தது கேட்டது.

"பிள்ள வீட்ல இல்ல சேர். காலையிலேயே பஜாருக்குப் போயிட்டா. போன் கடக்கார நானா உள்ளுக்க ஒரு ரூம் குடுத்திருக்காரு. ஜெனரேட்டரும் இருக்காம்." பிறகு, தயங்கி, "சேருக்குக் கரைச்சல் குடுக்க வேணாம்னு சொன்னா. அதான் ஒண்ணும் சொல்லல."

திரும்பி வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பிடுங்குங்க" என்றாள். பிடுங்கினேன்.

பக்கத்து வீட்டு மகள் தேறிவிட்டாள். அடுத்த கிழமையே அவர்கள் கூரையில் வேறொரு கம்பனியின் அன்டெனா ஏறியது, வயரில்லாத இணைப்பு. கேக் துண்டு ஒன்றோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"சேர், அந்த வயரக் கழட்டிக்கட்டுமா? இனி சும்மா தொங்குது."

ஸ்டூலைப் போட்டு நானே பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி, பெட்டியிலிருந்து வயரை விடுவித்து, சந்து வழியாக இழுத்து, முழங்கையில் வளையமாகச் சுற்றினாள். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். நாள்முழுக்கத் திருத்தி, நல்ல தமிழில், அளவாகச் செய்த வாக்கியம். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, "இவ்வளவு நாளும் பெரிய உதவி சேர்" என்றாள்.

அந்தக் குரலில் குத்தல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"கவனமாப் படி, பிள்ள" என்றேன்.

அவள் படித்து முடித்து வருடங்களாகிவிட்டன. "சரி சேர்" என்று சொல்லிவிட்டு வயரோடு போனாள்.