சிவப்பு உறைக்குள் ஒரு குற்றச் செய்தி

உள்ளூர்ச் செய்தியாளரைக் கண்டால் தெருவில் எல்லாரும் சிரிப்பார்கள். வாயைத்தான் திறக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் மாட்டுப்பட்ட சகபாடிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஹோம்புஷில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி. வேலை பக்கத்து ஊரான லிட்கமில், ஒரு சீன வாரப் பத்திரிகையில். இலவசப் பத்திரிகை, மரக்கறிக் கடை வாசல்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கவுன்சில், பொலிஸ், கோர்ட் மூன்றும் என் தலையில். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன், ஆசிரியர் மே அதைச் சீனத்தில் போடுவா. எனக்குச் சீன மொழியில் நன்றி சொல்லவும் சாப்பாடு கேட்கவும் மட்டும்தான் தெரியும். ஆகவே கீழே சீன ஆட்கள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தால் அது என் கைவேலை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை ஏன் எடுத்தார்கள்

நேர்முகத்துக்குப் போனபோது எனக்கே சிரிப்பு வந்தது. சீனம் தெரியாத ஒருத்தியைச் சீனப் பத்திரிகைக்கு யார் எடுப்பார்கள்? வீட்டில் அவர், "உமக்கென்ன விசரா?" என்று கேட்டுத்தான் ஸ்டேசனில் இறக்கிவிட்டார். மே என்னுடைய பழைய கட்டுரைகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, எனக்குச் சொந்தக்காரர் லிட்கமில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டா. ஒருத்தரும் இல்லை என்றேன். மேயின் முகம் மலர்ந்துவிட்டது.

காரணம் கேட்டேன். மே சொன்ன மறுமொழியை நான் இன்றுவரை மறக்கவில்லை: "எங்கட ஆள் ஒருத்தி போய்க் கேட்டால், சொன்ன விசயம் பின்னேரமே ஊர் முழுக்கப் போயிடும் எண்டு பயப்படுவினம். உங்களிட்டச் சொன்னால் அது ஆரின்ர காதுக்குப் போகப்போகுது?"

மூன்று நிமிடப் பேச்சு

லிட்கம் ஸ்டேசனுக்குப் பின்பக்கத் தெரு அப்போது கும்மிருட்டு. வேலை முடிந்து வரும் இரண்டு பெண்களிடம் கைப்பை பறித்துவிட்டார்கள். கடைக்காரர்கள் கவுன்சிலிடம் விளக்குக் கேட்டார்கள். கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாதம் ஒருவராக முறை வைத்துப் போனார்கள். எல்லாருக்கும் ஒரே பேச்சு, ஒரு சொல்லும் மாறாது. எங்கட சங்கத்தில் என்றால் மூன்றாம் மாதமே இரண்டு சங்கமாகியிருக்கும்.

மூன்றாவதாகப் போனவர் சென் அன்ரி. ஸ்டேசனடியில் தனியாக டம்ப்ளிங் கடை நடத்துகிறவர், அறுபத்தைந்து வயது, கடைக்குள் ஆங்கிலமே பேசாத மனுசி. அன்றைக்குத் தாளே இல்லாமல் முழுப் பேச்சையும் பாடமாகச் சொல்லி முடித்தார். மண்டபத்தில் நான் கை தட்டினேன். செய்தியாளர் கை தட்டக் கூடாதுதான். ஒன்பதாம் மாதம் முடிவெட்டுக் கடைக்காரர் எழும்பியதும் மேயரே மைக்கைப் பிடித்தார்: "இருங்கோ ஐயா, எனக்கு அந்தப் பேச்சு பாடம். விளக்குப் போடுறம்."

புது வருடத்தில் நான் செய்த பிழை

அவர்களின் புது வருடம் எங்களுக்கு வருடத்தின் பெரிய இதழ். செய்திகளைச் சீனத்தில் போட்டுத் தந்துவிட்டு மே சுகமில்லாமல் படுத்துவிட்டதால் முதல் பக்கத்தை நான்தான் தீர்மானித்தேன். செய்தி என்றால் செய்திதானே. வீடுடைத்துக் களவெடுத்த வழக்கைப் பெரிய எழுத்தில், கறுப்புக் கட்டம் போட்டு முதல் பக்கத்தில் வைத்தேன். நல்ல பக்கம் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. காலையில் பத்திரிகைக் கந்தோருக்கு வந்தால் கதவு திறக்க இடமில்லை. கடைக்காரர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் பத்திரிகையைக் கட்டோடு கட்டாகத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம். களவை மறைத்தால் கள்ளன் போய்விடுவானா என்று மரக்கறிக் கடைக்காரரிடம் வாதாடினேன். அவர் எனக்கு ஒரு தோடம்பழத்தைக் கையில் தந்துவிட்டுச் சாந்தமாகக் கேட்டார்: "தங்கச்சி, வருசத்தண்டு விடியக் காலமை உங்கட வீட்டு வாசல்ல ஆராவது வந்து ஒப்பாரி வைச்சால் நீங்கள் தேத்தண்ணி குடுப்பீங்களோ?"

ஆசீர்வாதப் பை

இரண்டு வருடம் கழித்து, புது வருடத்துக்கு மூன்று கிழமை இருக்கையில் சென் அன்ரி என்னைக் கடையின் பின்னுக்குக் கூப்பிட்டார். குசினிக் கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு தண்ணீர்ப் போத்தல், சுருட்டிய எங்கள் பத்திரிகை. அவரிடமிருந்த நகை முழுவதும் அந்தப் பைக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

துண்டு துண்டு ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான். தெருவில் ஒரு பெண் வந்து அன்ரியின் மொழியிலேயே ஒரு வைத்தியரைப் பற்றி விசாரித்திருக்கிறாள். இன்னொருத்தி, தனக்கு அவரைத் தெரியும் என்று சேர்ந்துகொண்டாள். மூன்றாவது ஆள் அன்ரியை உற்றுப் பார்த்து, மகனின் தலைக்கு மேல் கெட்ட நிழல் நிற்கிறது, மூன்று நாள் தாங்க மாட்டான் என்றிருக்கிறான். நகையைப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் ஆசீர்வதித்துத் தருவோம், ஒரு மாதத்துக்குத் திறக்கக் கூடாது, ஒருவரிடமும் சொல்லக் கூடாது. அன்ரி கொண்டுபோன பையை அவர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நான் பைத்தியமா ஏமாற என்று நீங்கள் நினைக்கலாம். பிள்ளையின் உயிரை வைத்துக் கேட்டால் நானும் தாலிக்கொடியைக் கழற்றித்தான் கொடுத்திருப்பேன்.

அந்த மாதத்தில் இதே கதையை அரைகுறையாகச் சொன்ன நாலாவது பெண் அவர். பொலிசில் கேட்டால் முறைப்பாடு ஒன்றுகூட இல்லை என்றார்கள். முறைப்பாடு இல்லாமல் யாரைத் தேடுவது? அன்ரியிடம் கெஞ்சினேன். முடியாது என்றார். மகன் கெவின் மெல்பேணில் இஞ்சினியர், கலியாணம் ஆகவில்லை. அம்மாவால் இனித் தனியாகச் சமாளிக்க முடியாது, கடையை மூடிவிட்டு என்னோடு வாருங்கள் என்று அவன் இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறான். அன்ரி பையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு அந்த மூன்று பேர்மீதும் பத்திக்கொண்டு வந்தது. அன்ரி சொன்னார்: "நகை போனது போகட்டும், பிள்ளை. மகனுக்குத் தெரிஞ்சால் கடைத் திறப்பும் அவன்ர கைக்குப் போயிடும்."

கவுன்சிலரின் படம்

கள்ளர் வேட்டையாடுவது புது வருடத்தில்தான்; ஆசீர்வாதம் தேடி எல்லாரும் வெளியே வரும் நேரம் அது. ஆனால் புது வருட இதழில் இந்தச் செய்தி இருந்தால் எந்தக் கடையும் அதை வாசலில் வைக்காது. நானும் மேயும் இரண்டு நாள் சண்டை பிடித்தோம். மூன்றாம் நாள் சென் அன்ரி கையில் கோதுமை மாக்கறையோடு கந்தோருக்கு வந்தார். புது வருடத்துக்கு இன்னும் எத்தனை தாய்மார் ஏமாறப் போகிறார்கள் என்று நினைத்து நித்திரை வரவில்லையாம். சிவப்பு உறை என்றார்.

புது வருடத்துக்கு அவர்கள் சிவப்பு உறையில் காசு வைத்துக் கைவிசேசம் கொடுப்பார்கள். வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கொடுத்தவருக்கு முன்னால் திறக்கக் கூடாது. அது மரியாதை இல்லை. வீட்டுக்குப் போய்த்தான் திறக்கலாம். அப்படியென்றால் உள்ளே செய்தியை வைக்கலாம், வாசிக்கும்போது அன்ரி ஒருவரின் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. எனக்கு இது பத்து வருடம் யோசித்தாலும் வந்திருக்காது. அன்ரி சொல்லச் சொல்ல மே எழுதினா: மகனுக்கு ஆபத்து என்று சொன்ன மூன்று பேரை நம்பி நகையைக் கொடுத்தேன். உங்களிடமும் வருவார்கள். உங்களுக்கும் நடந்திருந்தால் புதன்கிழமை பத்து மணிக்குப் பொலிசுக்கு வாருங்கள், நானும் வருவேன். புது வருட வாழ்த்துகள். வெறும் தாள் வைத்தால் சகுனம் சரியில்லை என்று ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சொக்லேட் நாணயமும் போட்டோம்.

கீழே பெயர் வேண்டாம், மகன் அறிந்துவிடுவான் என்று நாங்கள் இருவரும் தடுத்தோம். அன்ரி பேனையைப் பறித்துத் தானே பெயரையும் கடையையும் எழுதினார். பெயரில்லாவிட்டால் யாரோ ஒரு விசரிக்கு நடந்தது என்று தூக்கிப் போடுவார்கள் என்பது அவருடைய வாதம். அதற்குள் விசயம் ஒரு கவுன்சிலரின் காதுக்குப் போய்விட்டது. தேர்தல் வருடம். அச்சுச் செலவு தன்னுடையது, உறையின் மூலையில் சிறிதாகத் தன் படம் போட்டால் போதும் என்று போன் எடுத்தார். மே மொழிபெயர்த்தா. அன்ரி பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அவரையும் ஆராவது ஏமாத்தினவையோ எண்டு கேளுங்கோ. ஏமாந்திருந்தால் படத்தைப் போடுவம்."

புதன்கிழமை பத்து மணி

புது வருடத்தன்று சிங்க ஆட்டத்துக்குப் பக்கத்தில் நின்று கொடுத்தோம். எல்லாரும் இரண்டு கையால் வாங்கினார்கள், கைப்பைக்குள் வைத்தார்கள், போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு வாசகர்களுக்கு இவ்வளவு அமைதியாக ஒரு செய்தியைக் கொடுத்ததில்லை.

புதன்கிழமை பொலிஸ் வாசலில் நான், மே, அன்ரி மூன்று பேர்தான். அன்ரி நல்ல சட்டை போட்டுத் தலைமயிர் செய்துகொண்டு வந்திருந்தார். பத்து மணியாயிற்று. பத்தும் பத்தும் ஆயிற்று. வாருங்கள் போவோம் என்று நான் வாயெடுத்தபோது தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தா. கையில் சிவப்பு உறை. அவவுக்குப் பின்னால் இன்னொருத்தி. பதினொரு மணிக்குள் ஒன்பது பெண்கள். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள்தான். ஒரே சந்தையில் இத்தனை நாள் மீன் வாங்கியவர்கள், ஒருத்திக்கு நடந்தது மற்றவளுக்குத் தெரியாது. சென் அன்ரி முன்னால் போய் முதல் கதிரையில் இருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று, சொல்வதற்கு வெட்கமில்லை. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் பிறகு பிடிபட்டார்கள். வழக்கு நடக்கிறது, ஆகவே அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அன்றைக்குக் கடமையிலிருந்த அதிகாரி வரிசையைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மேடம், எங்களிட்ட இவ்வளவு கதிரை இல்லை."

கெவின் வந்தான்

யாரோ அந்தத் தாளைப் படமெடுத்துப் போனில் அனுப்ப, அது மெல்பேணுக்கும் போய்விட்டது. சனிக்கிழமை கெவின் கடைக்குள் வந்து நின்றபோது நானும் மேயும் மூலை மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கையில் ஒரு கோப்பு. வீடு விற்கும் ஏஜெண்டின் கோப்பு என்று மே கிசுகிசுத்தா. நான் எடுத்த டம்ப்ளிங்கைத் திரும்பத் தட்டில் வைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கெவின் தாயிடம் கேட்டான். அன்ரி மா பிசைந்தபடியே சொன்னதை மே எனக்குச் சொன்னா: உனக்குச் சாவு என்றார்கள். அது பொய்யாக இருந்தால் நகைதான் போகும் என்று நினைத்தேன்.

அன்ரி கையைத் துடைத்தார். கலியாணம் ஆகாத பிள்ளைக்குத் தாய் கைவிசேசம் கொடுக்க வேண்டும். மேசை லாச்சியை இழுத்து, அதில் மிச்சமிருந்த உறைகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கு வரிக்கு வரி தெரியும். கடையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். கெவின் கோப்பைக் கதிரையில் வைத்தான். குனிந்து இரண்டு கையாலும் உறையை வாங்கினான். திறக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, நாங்கள் எல்லாரும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னான்: "நான் மெல்பேணுக்குப் போய்த் திறந்து பாக்கிறன், அம்மா. நீங்கள் கடையைப் பாருங்கோ."

இத்தனை வருடம் பேனை பிடித்தும் நான் எழுதிய ஒரு செய்தியைக்கூட எவரும் இரண்டு கையால் வாங்கியது கிடையாது, அப்படி வாங்க வைத்த ஒரே செய்தியாளர் லிட்கமில் டம்ப்ளிங் விற்கிறார்.