சொட்டும் வால்வுக்கு ஓர் அண்டா

“அப்போ சொட்டற தண்ணி வீணாத்தான் போகணுமா?” என்று அண்ணி கேட்டபோதுதான் எனக்கு யோசனை வந்தது. அடைக்காமலே அதைப் பிடித்துவிடலாமே!

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அண்ணனும் அண்ணியும் ஒரு லாட்ஜ் நடத்துகிறார்கள். எல்லா அறைக்குமாகச் சேர்த்து முந்நூறு லிட்டர் ஹீட்டர் ஒன்றை மாடியில் புதிதாக வைத்தோம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் தனி லைன், தனி பிரேக்கர், எர்த் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டார். மின்னியல் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் நான், கூடவே நின்று கேள்வி கேட்டே அவரைக் களைக்க வைத்தேன். மறுநாள் முகூர்த்தம். மாரண்டஹள்ளிக் கல்யாண வீட்டார் எல்லா அறைகளையும் எடுத்திருந்தார்கள்.

சாயங்காலம் சும்மா ஒரு பார்வை பார்க்க மாடி ஏறினேன். சேஃப்டி வால்வின் குழாய் வாயில் டம்மி திருகியிருந்தது. பிளம்பர்கள் குழாயைச் சோதிக்கும்போது அடைக்கிற மூடி அது. பிரஷர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. டம்மியைத் தொடவில்லை. மெயினை அணைத்தேன், உள்ளே வரும் தண்ணீரை மூடினேன், கீழே ஓர் அறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். முள் மெல்ல இறங்கியது.

“அண்ணி, மேல டம்மி போட்டது யாரு?”

“நான்தான். காலையிலிருந்து சொட்டுது. லாரித் தண்ணி, பாப்பா. பார்த்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?”

“அது ஒழுகல் இல்ல அண்ணி. சூடானா தண்ணி விரியும். விரியறது வெளிய போக அது ஒண்ணுதான் வழி. அடைச்சா டேங்கே வெடிச்சிடும்.”

அண்ணி வரிசையாக இருந்த அறைக் கதவுகளைப் பார்த்தார். “ராத்திரி குழந்தை குட்டியோட வராங்களே…” என்றார். அப்புறம்தான், சொட்டற தண்ணி வீணாத்தான் போகணுமா என்று கேட்டார்.

“உங்க சீர் அண்டா எங்க இருக்கு?” என்றேன்.

“பொங்கலுக்கே வெளிய எடுக்காத அண்டா! அதுல உன் ஹீட்டர் மூத்திரத்தைப் பிடிக்கணுமா?”

பக்கத்தில் நின்ற அண்ணன் சிரித்த சிரிப்பில் அண்ணியே போய் அண்டாவை எடுத்துவந்தார்.

பிளம்பர் வந்து டம்மியைக் கழற்றி, வால்வின் லீவரைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் தாராளமாக வந்தது. சூடு தாங்கும் இரும்புக் குழாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து அண்டா வரைக்கும் இறக்கினார். நடுவில் எந்த வால்வும் இல்லை.

“உள்ளேயே முக்கி விட்டுடேன், சத்தம் வராது” என்றான் அண்ணன்.

“வேணாம்ண்ணா. முனை தண்ணிக்கு மேலயே நிக்கணும். முக்கினா அழுக்கை உள்ள இழுத்துக்கும். சொட்டறதும் கண்ணுக்குத் தெரியாது.”

எலெக்ட்ரீஷியனும் வந்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மெயினைப் போட்டோம். விடியற்காலையில் கல்யாண வீட்டார் குளித்து முடித்து, மல்லிகை வாசத்தோடு படியிறங்கிப் போனார்கள். அண்ணி ஆறிய அண்டாத் தண்ணீரில் வராண்டாவைத் துடைத்தார். “பரவால்ல, நல்லாத்தான் சொட்டுது” என்றார்.

எனக்கு அது போதவில்லை. விரியும் தண்ணீரை வாங்கிவைத்துக்கொள்ள, உள்ளே வரும் குழாயில் ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க் மாட்டினால் சொட்டுவதே குறைந்துவிடும். திங்கட்கிழமை பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன். அது வேலை செய்தாலும் வால்வின் வாய் திறந்தேதான் இருக்கும். அண்டா இப்போதைக்கு வீட்டுக்குத் திரும்பாது என்பதை மட்டும் இன்னும் அண்ணியிடம் சொல்லவில்லை.